டெய்லருக்கு மட்டும் உப்பு

"இது குழம்பா, கடல் தண்ணியா?"

தையல்காரர் தட்டைத் தள்ளிய வேகத்தில் சாப்பாட்டுக் கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் அசையவில்லை. "மத்தவங்க எல்லாம் சாப்பிடுறாங்களே டெய்லரே. நாக்கைக் கழற்றி ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டுப் பாருங்க."

பக்கத்து ஆள் விரலை நக்கிக்கொண்டிருந்தான். தையல்காரர் அவன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். அமிர்தம். தன்னுடையதைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலைந்து நாளாக இதே கூத்து. காரணமும் அவருக்குத் தெரியும். கடைக்காரருக்கு அவர் தைத்துக் கொடுத்த பேண்ட், போட்ட அன்றே, கூட்டம் நிறைந்த நேரத்தில், பின்பக்கம் 'டர்ர்ர்' என்று கிழிந்தது. சிரித்தவர்களில் இருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த வன்மம்!

அளவெடுக்கும்போது தொப்பையை எக்கிக்கொண்டு நின்றது யார்? "மூச்சை விடுங்க அண்ணே" என்றதற்கு, "விட்டாச்சு, விட்டாச்சு" என்று திக்கித் திணறிச் சொன்னது யார்?

மகளுக்குப் பார்சல் வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு நடந்தார். மனைவிக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு கிடைத்தால்தான் வருவாள். அவள் போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. அவர் சாப்பாட்டுக் கடையிலேயே நாலு பேரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டு சாப்பிடுவார். மகளுக்குப் பார்சல். அடுப்பென்றால் அவருக்குப் புலி. வெந்நீரையே தீய வைத்தவர் என்று தெருவில் பெயர்.

"எனக்கு நல்லாத்தானேப்பா இருக்கு?" மகள் ஒரு வாய் வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கு ஏன் நல்லா இருக்காது? பகை என்மேலதானே!"

மறுநாள் குழம்போடு பொரியலும் உப்புக்கரித்தது. தையல்காரர் எழுந்தேவிட்டார்.

"பிடிக்கலேன்னா வீட்டுல சமைச்சுச் சாப்பிடுங்க" என்றார் கடைக்காரர். "வெந்நீர் மட்டும் தீயாமப் பார்த்துக்குங்க!"

கடை குலுங்கியது. தையல்காரருக்கு ரோஷம் உச்சந்தலைக்கு ஏறியது.

"உங்க கடையைவிட ருசியாச் சமைச்சு இதே மேசையில கொண்டாந்து வைக்கலேன்னா, நான் கத்தரிக்கோலையே தொட மாட்டேன்!"

ஆரம்பித்தது யுத்தம்.

முதல் நாள் சோறு கூழானது. "காலருக்குக் கஞ்சி போட ஆகும்ப்பா" என்றாள் மகள். அடுத்து கீரை. "பானை நிறையப் போட்டேன், கைப்பிடிதான் மிஞ்சியிருக்கு! துவைக்காத பருத்திகூட இவ்வளவு சுருங்காதே!" என்று அலறினார். அன்று முதல் எந்தக் காய்கறியையும் நம்பவில்லை. கழுத்து டேப்பை இறக்கி, சுருக்கத்துக்குக் கால் இஞ்சு விட்டுத்தான் கேரட்டையே வெட்டினார்.

மனைவி போனில், "வெங்காயம் பொன்னிறமா வரணுங்க" என்றாள்.

"பொன்னிறம்னா? நூல் நம்பரைச் சொல்லு!"

கடைசியில் மகள்தான் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து வாணலிக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறமும் சேர்ந்த நொடியில், "இறக்குங்கப்பா!" என்று கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

நாளாக நாளாகக் கை பழகிவிட்டது. பருப்பு மூச்சுவிடும் சத்தத்தை வைத்தே பதம் சொன்னார். உப்புப் பார்ப்பது மகள் இலாகா. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூட வம்பு முழுவதையும் அவள் சொல்லி முடிக்குமுன் சட்டி காலியாகிவிடும். டிவியை யாரும் போடுவதில்லை.

ஒருநாள் தூக்குச்சட்டியோடு கடைக்குள் நுழைந்தார். "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க!"

கடைக்காரர் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "ம்... சுமார்" என்றார்.

"சுமாரா? இனி இந்தக் கடைப்படி மிதிச்சா நான் டெய்லரே இல்லை!"

தெருமுனை போனதும் கழுத்தைத் தடவினார். டேப்பைக் காணோம்! கோபத்தில் மேசைமேலேயே விட்டுவிட்டார். டேப் இல்லாமல் நாளைக்குக் கேரட்? திரும்பினார். சபதம் போட்ட மனுஷன், படியை மிதிக்காமல் வாசலில் நின்றபடியே மேசைப் பக்கம் கையை நீட்டினார். உள்ளே கடைக்காரரின் மனைவி பொரிந்துகொண்டிருந்தாள்.

"நல்ல வாடிக்கையைத் தனிச் சட்டி வெச்சு உப்பைக் கொட்டி விரட்டிட்டீங்களே! ஒரு பேண்ட்டுக்கா இவ்வளவு வன்மம்?"

"பேண்ட் கிழிஞ்சதுக்கு அவர் என்ன பண்ணுவார்? தொப்பையை எக்கினது நான்." கடைக்காரரின் குரல் இறங்கியது. "பார்சலைப் பிரிக்காமக் கொண்டுவந்து, 'தனியாச் சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு அந்தப் பொண்ணு நின்னுச்சே... சொல்லாம, அவரை வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுப்ப எனக்கு வேற வழி தெரியலே."

நீட்டிய கை நின்றது. பிறகு காலும் படியேறியது.

தையல்காரர் மேசைமேல் இருந்த டேப்பை எடுத்தார். நேரே போய்க் கடைக்காரரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.

"மூச்சை விடுங்க அண்ணே" என்றார். "இந்தத் தடவையாவது, நல்லா விடுங்க."