இரண்டு பேராலயங்களுக்கு நடுவே

லிவர்பூலின் ஹோப் தெருவில் இந்த முனைக் கத்தோலிக்கப் பேராலயம் வினிஃப்ரெட்டுக்கு, அந்த முனை ஆங்கிலிக்கன் பேராலயம் அவள் கணவர் செட்ரிக்குக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் ஆளுக்கொன்றாகப் போய்விட்டு, நடுவே என் டீ வண்டியில்தான் சேர்வார்கள். இன்றைக்கு இருவரும் பக்கம் மாறி வருகிறார்கள். தூறல் அவர் வழுக்கையில் மினுங்குகிறது. "எங்கய்யா தொலைஞ்ச? உன் ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருநாளாவது உன் பக்கத்துல உக்காரலாம்னு உன் கோயிலுக்கு வந்தேன்!" "நான் உன் கோயில்ல ஒவ்வொரு பொம்பளைத் தொப்பிக்குக் கீழயும் உன்னைத் தேடிக்கிட்டிருந்தேன்டி." ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். நான் டீ ஊற்றுகிறேன். அவர் கோப்பையை வாங்க, அவள் தன் கையையும் சேர்த்துப் பிடிக்கிறாள். "அடுத்த ஞாயிறு உன் கோயில்லயே அசையாம உக்காரு, கிழவா. நான் வர்றேன்." "வர்ற புதன்கிழமையே ஆபரேஷன்டி." அவள் கோப்பையை வாங்கி அப்படியே என் வண்டியில் வைக்கிறாள். "அப்ப நட. முதல்ல உன் கோயில்."