ஏழாம் அறையில் ஆள் இரண்டு

இராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் பார்க்கும் சண்முகவள்ளிக்கு, முதலாளி புதிதாக வாங்கிய லேப்டாப்பைக் கண்டாலே எரிச்சல்.

“கை வைக்கிற எடத்துலயா டச்பேட வப்பான்?”

டைப் அடிக்கையில் மணிக்கட்டு பட்டு கர்சர் தாவும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி டச்பேடின்மேல் ஒட்டினாள். தாவல் நின்றது. ஆனால் தங்குவோர் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் அடங்கவில்லை. தகப்பனுக்குத் திதி கொடுக்கத் தனியாக வந்த குருநாதனின் பெயருக்கு நேரே, அவள் அடித்த ‘ஆள் 1’ தானாக ‘2’ ஆனது. மூன்று முறை திருத்தினாள்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் தங்கிய ஏழாம் அறைக்கு இரண்டு காபி அனுப்பினாள். இரண்டு டம்ளரும் காலியாகத் திரும்பின.

மறுநாள் அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, குருநாதன் ஈரவேட்டியோடு வந்தார்.

“இன்னைக்கும் ரெண்டு காபி அனுப்பவாண்ணே?”

“நான் காபி தொடமாட்டேன்மா. எங்கய்யாதான் ஒரே மூச்சுல ரெண்டு டம்ளர் குடிப்பாரு,” என்று சிரித்தார்.

சண்முகவள்ளி லேப்டாப்பைப் பார்த்தாள். யாரும் தொடாத அந்த வரியில் ‘ஆள் 1’ என்றிருந்தது.