மச்சான் கைக் கயிறு

முத்துக்குளித்த நாளிலிருந்தே தூத்துக்குடியில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது எவன் கண்ணயர்வான்? ஆழ்கடலில் உலோகம் அள்ளும் கம்பெனி தொடங்கிய கஸ்பாரும் மனைவியின் அண்ணன் ரெமிஜியுஸைத்தான் கப்பலில் காவல் வைத்திருந்தான்.

முதலீட்டாளர்கள் வந்த பிறகு அந்த வேலை தானே முடிவெடுத்துப் பேசும் இயந்திரத்துக்குப் போனது. தலைமைப் பண்பு பற்றிக் கஸ்பார் மேடை மேடையாகப் பேசியதையெல்லாம் அதற்குப் பாடமாக ஊட்டினார்கள். ரெமிஜியுஸுக்கு ஒரு நாற்காலி மிஞ்சியது. அவன் அப்பா பிடித்த பழைய கயிற்றை விருந்தாளிகள் பார்க்கக் கப்பலின் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினார்கள்.

அன்று கஸ்பார் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கிய கூண்டு பாதி ஆழத்தில் இருந்தபோது அதன் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

"மச்சான், கண்ணாடி விரியுது. மேல தூக்கச் சொல்லுங்க," என்று ஒலிபெருக்கியில் கஸ்பாரின் குரல் வந்தது.

ரெமிஜியுஸ் அதை இயந்திரத்திடம் சொன்னான். இயந்திரம் கஸ்பாரின் குரலிலேயே நிதானமாகப் பதில் சொன்னது: "நிலாவுக்குப் புறப்பட்டவன் பாதி வழியில் பயந்து திரும்பினால் தலைவன் ஆவானா?"

கூண்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

"அது மேடைக்குப் பேசுனது மச்சான்," என்றான் கஸ்பார், கீழேயிருந்து. "நீங்க இழுங்க."

அந்த அறையில் மனிதக் கைக்கென்று ஒரு பிடிகூட வைத்திருக்கவில்லை. ரெமிஜியுஸ் ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

கயிறு வந்துவிட்டது, ஆணியோடு.