சமையல்காரர் பிடித்த குன்று

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இப்போதே கொட்டிப்போகட்டும்.

மேஜர் குன்றின் உச்சியில் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார்.

பயிற்சிப் போர்தான். ஆனால் பொழுது சாய்வதற்குள் எதிரி கொடியைப் பிடுங்காவிட்டால், நாளை அவர் கர்னல்.

இதுவரை பதினோரு முறை வென்றவர். எதிரியாக வந்த பதினோரு பேரும் அவர் படித்த அதே புத்தகத்தைப் படித்தவர்கள். எப்போது எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

அதனால்தான் இம்முறை ஜெனரல், முகாமின் சமையல்காரரை எதிரித் தளபதி ஆக்கிவிட்டார்.

முந்தைய நாளே மேஜர், திட்டம் என்னவென்று சமையல்காரரின் வாயைக் கிளறிப் பார்த்தார்.

"எனக்கே தெரியலையே சார். உலை கொதிச்சதும் யோசிக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லி, சமையல்காரர் ஒரு தாளை நீட்டினார். மேஜர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

காலையில் டீ வரவில்லை.

'ஆரம்பித்துவிட்டான்!'

மதியம் சாப்பாடும் வரவில்லை. முற்றுகை! எதிரியே கண்ணில் படாத முற்றுகையை மேஜர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வடக்கே ஆட்களை விரட்டினார். முள்வேலியில் யானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தெற்கே விரட்டினார். காவல் கோபுரத்துக்கு ஏணியே இல்லை. பதினோரு வெற்றியில் தெரியாத பதினேழு ஓட்டைகள் ஒரே நாளில் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பி அனுப்பி, கடைசியில் கொடிக்குக் காவல் அவர் ஒருவர்தான்.

நாலு மணிக்குப் புதர் அசைந்தது.

பயமில்லை. அவன் எந்த வழியாக வந்தான் என்று தெரியாமல்தான் மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது.

"தோத்துட்டேன்யா, ஒத்துக்கிறேன்! எப்படி வந்தேன்னு மட்டும் சொல்லித் தொலை!"

புதரிலிருந்து ஓர் ஆடு வந்து, அவர் அவிழ்த்து நீட்டிய கொடியை நிதானமாகத் தின்றது.

ஆட்டைத் தூது அனுப்பியிருக்கிறான்! மேஜர் விறைப்பாக அதற்கு ஒரு சல்யூட் அடித்தார்.

ஜெனரல் பதினேழு ஓட்டைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையல்காரருக்குப் பதக்கம் குத்தினார்.

கர்னல் பதவி போனதில்கூட மேஜருக்கு அவ்வளவு வருத்தமில்லை. திட்டம் என்னவென்று இன்றுவரை கேட்டு நச்சரிக்கிறார். சமையல்காரரோ, "ராணுவ ரகசியம் சார்" என்று கரண்டியைக் கழுவப் போய்விடுகிறார்.

மேஜர் படிக்காமல் கையெழுத்திட்ட அந்தத் தாள் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது: சமையல்காரருக்கும் அவருடைய ஆறு ஆட்களுக்கும் போர் நாளன்று லீவு.