சுவிட்சுக்குக் கீழே ஒரு காகிதம்

"இன்னிக்கும் கரைசல் கெட்டுப் போச்சு சார்!"

தேவிப்ரியா நீட்டிய தாளை வழிகாட்டிப் பேராசிரியர் ராமதாஸ் வாங்கிப் பார்த்தார். நேற்று மாலை பாட்டிலில் இருந்த மருந்தில் கால் பங்கு காலையில் காணோம்.

வெளிச்சத்தைக் கண்டால் ஆகாத மருந்து அது. தண்ணீரில் கரைத்து ஒளி காட்டினால் துண்டு துண்டாக உடைந்துவிடும். எந்த ஒளியில், எத்தனை நிமிடத்தில், எவ்வளவு உடைகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சோதனை தொடங்கும்வரை பாட்டில் இருட்டில் இருக்க வேண்டும். அதற்காகவே ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமைப் போன வாரம் கேட்டு வாங்கியிருந்தாள்.

"மருந்து இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும் சார். வெள்ளிக்கிழமை ரிசல்ட் குடுக்கலேன்னா என் தீசிஸ் அடுத்த வருஷம்தான்."

"ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. சாயங்காலம் பெருக்குறதுக்கு இருசப்பன் அண்ணன்கிட்ட ஒண்ணு."

"அவர் லைட் போட்டிருக்க மாட்டாரே."

"சேச்சே, அவர் எதுக்கு சார் போடப் போறாரு? வேற யாராச்சும் வந்தாலும் தெரியட்டும்னு, 'விளக்கைப் போடாதீர்கள்'னு சுவிட்சுக்குக் கீழயே செவப்பு எழுத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

"அப்போ நீதான் எங்கயோ கோட்டை விட்டிருக்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருட உழைப்பு!

வாசலில் நின்றிருந்த இருசப்பன் தொண்டையைச் செருமினார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற மனிதர். பொய் வாயில் வராது.

"அவங்களத் திட்டாதீங்க சார். லைட் போட்டது நான்தான்."

"அண்ணே, நீங்களா?"

"விளக்கு வெக்கிற நேரத்துல ரூம் இருட்டா கெடக்கலாமாம்மா? மலை மேலயே தீபம் ஏத்துற ஊரு இது. எப்பவும் போடுறதுதான். ஒரு மணி நேரம் எரிய விட்டு, வீட்டுக்குப் போறப்ப அணைச்சுடுவேன்."

"ஐயோ, சுவிட்சுகிட்டயே நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே!"

"பேப்பர் ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சும்மா" என்றார் இருசப்பன், தன் வெள்ளைத் தடியைச் சுவரில் சாய்த்தபடி. "அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லத்தான் பக்கத்துல யாரும் இல்ல."