நகராத கறை

படத்தை நகர்த்தினாள். கறை நகரவில்லை.

பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மணப்பெண்ணை இழுத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் நிறுத்தினாள். பெண் போனாளே தவிர, கறை திரையின் நடுவில் இருந்த இடத்திலேயே இருந்தது.

சட்டென்று பார்த்தால் தெரியாது. வெளிர் நிறப் படங்களில் மட்டும், ஈரத்துணியால் துடைத்துக் காயாத சுவர்போல லேசான ஒரு மங்கல்.

அது படத்தில் இருக்கிற மங்கல் என்று நினைத்து, கொஞ்ச நாளாக வருகிற படங்களையெல்லாம் நடுவில் வெளுப்பாக்கிக்கொண்டிருந்தாள். விளைவு இன்று காலை கடை வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் ஆல்பத்தை மேசைமேல் போட்டு, தன் மகள் கல்யாணப் பெண் மாதிரியா இருக்கிறாள், பேயறைந்த மாதிரியல்லவா இருக்கிறாள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படித்தான் இருந்தாள்.

ஸ்டுடியோ புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துவது. கீழே கடை, மேலே வீடு. அவர் படம் எடுப்பார், அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வாள். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான் என்பது அவளுடைய தீர்மானம். விடிந்ததும் விடியாததுமாகக் கீழே இறங்கிப்போய் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக எதையோ மூடுவார். பாவம், வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது அந்த மனுஷனுக்கு என்று அவளும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள்.

இப்போது அவர் வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப் போயிருந்தார்.

மென்பொருளை மூடித் திறந்தாள். அமைப்புகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தாதே என்று அதற்குக் கட்டளை போட்டுப் பார்த்தாள். கடைசியில் முந்தானையால் திரையையே துடைத்தாள். எதற்கும் அது மசியவில்லை.

உண்மையைச் சொன்னால், இந்தக் கோளாறு அவளுக்கு ஒருவகையில் சௌகரியமாகத்தான் இருந்தது. மகளுக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு.

மகள் வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறாளாம். வீட்டுக்கு வரட்டுமா, அப்பா என்ன சொல்வார் என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன பெண். அன்றைக்கே இவர் கடை முகப்பில் மாட்டியிருந்த அவள் படத்தை இறக்கிவிட்டார். இனி அவர்கள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்வதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். மகள் அனுப்பிய கல்யாணப் படத்தைக்கூட இந்தக் கம்ப்யூட்டரின் ஏதோ ஒரு மூலையில், அவர் கை எட்டாத இடம் என்று நம்பி ஒளித்துவைத்திருந்தாள்.

கேட்டுப் பார்க்கலாம்தான். அவர் முடியாது என்றுவிட்டால் அதை எந்த வாயால் மகளிடம் சொல்வது?

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்கு போன் போட்டாள். அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அவர் திரும்பக் கூப்பிட்டார்.

"நீங்க அனுப்பினது சுத்தமா இருக்குக்கா. கோளாறு சாஃப்ட்வேர்ல இல்ல, ஸ்கிரீன்ல. ஒரே படத்தைத் தினமும் ரொம்ப நேரம் திறந்து வச்சா, இந்த மாதிரி ஸ்கிரீன்ல அது அப்படியே படிஞ்சிடும். வெறும் சாம்பல் கலரை முழுசா போட்டுப் பாருங்க, என்ன படம்னு தெரிஞ்சிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன படம், சீட்டுக்கட்டுதான். எத்தனை காலைகள்! ஊரான் வீட்டுக் கல்யாணப் பெண்ணெல்லாம் பேயறைந்து போனதற்கு ராஜா ராணிகள் காரணம். வரட்டும், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து ஒரு வழி பண்ணிவிடலாம்.

திரை முழுக்கச் சாம்பல் நிறத்தை நிரப்பினாள்.

சீட்டு எதுவும் இல்லை.

முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு காதோரம் சரிந்த முடி, கன்னம். நிழல்போல மங்கலாக இருந்தாலும், பெற்றவளுக்கு அது போதும்.

மகளை ஒட்டி, கொஞ்சம் உயரத்தில், இன்னொரு முகம். மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் ஒளித்துவைத்திருந்த கல்யாணப் படம்.

இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்த மனுஷனைத் தெரிந்துகொள்ளாமல் போனோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் திரையை அணைக்கவில்லை. போனை எடுத்தாள். சமையலறைக்குப் போகாமல், இருந்த இடத்திலேயே மகளுக்கு அழைத்தாள்.

அவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பையைப் பிரித்து லென்ஸை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை நேரா வீட்டுக்கு வந்துடும்மா" என்றாள் அவள் போனில்.

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்குமான்னு கேளு" என்றார்.