ஆர்லோவின் குரல்

கென்டக்கிச் சுரங்க ஊரின் மாலைத் திருவிழா. மேடைக்குப் பின்னால், ஜரிகைச் சட்டை மினுங்க நிற்கிறான் வெர்னன். இங்கே நிலக்கரி வெட்டியவன், இன்று நாடறிந்த பாடகன். சுரங்கம் சரிந்து செத்த கூட்டாளி ஆர்லோ, தன் மகளிடம் பேசுவதுபோல் வெர்னன் எழுதிய பாட்டுதான் அவனை அந்தப் புகழுக்குக் கொண்டுபோனது. ஆர்லோவின் மனைவி லொரீன் எதிரே வர, தொப்பியைக் கழற்றுகிறான்.

“பாட்டு எப்படி, லொரீன்?”

“நல்லாத்தான் பாடுற. ரேடியோவுல வந்தா, ‘அப்பா பேசுறாரு’ங்கிறா எம்பொண்ணு. அவளுக்கு அவன் குரல் ஞாபகமில்ல. நானும் இல்லன்னு சொல்றதில்ல. நீ ஒருநாள் வீட்டுக்கு வந்திருக்கலாம், வெர்ன்.”

அவன் தொப்பியை மாட்டிக்கொள்கிறான். கூட்டம் மறுபடி அதே பாட்டைக் கேட்டுக் கூச்சலிடுகிறது. அவன் மேடையேறிப் பாடத் தொடங்குகிறான். வேலியோரம் நிற்கும் லொரீனின் மகள், அவனைப் பார்க்காமல் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள்.